மாட்டாஸ்பத்திரிக்கு வந்த கிளி

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வேலையில் உள்ள ஒரே சுகம், நோயாளிகள் வாயைத் திறந்து பேசமாட்டார்கள் என்பதுதான். அவர்களை ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் பேசுவார்கள். அதற்கு எங்களிடம் மருந்து கிடையாது. மயிலாப்பூரில் ஜட்கா குதிரைகளுக்குப் புண் கழுவியும், பசு மாடுகளுக்கு மூங்கில் குழாயால் கஷாயம் புகட்டியும் காலம் தள்ளிக்கொண்டிருந்த எனக்கு, ஒரே ஒரு தடவை பேசுகிற நோயாளி வாய்த்தது. அது இரண்டே வார்த்தைதான் பேசியது. அந்த இரண்டும் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

மொட்டை மாடியிலோ கிணற்றடியிலோ வந்து விழுந்த பறவையைப் பரிதாபப்பட்டுக் கையில் எடுத்துவிட்டு, அப்புறம் அதை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறுதல் அடைய இதில் ஒன்றும் இல்லை. உங்களைப் போலவே மாட்டிக்கொண்டு முழித்த இன்னோர் ஆள் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளலாம்.

தலைப்பாகையில் வந்த நோயாளி

ஜட்காக்கார முனுசாமி ஒரு நாள் காலையில் குதிரை இல்லாமல் உள்ளே வந்தான். தலையில் இருக்கவேண்டிய தலைப்பாகை கையில் மூட்டையாக இருந்தது. மூட்டைக்குள் ஏதோ துள்ளியது. பிரித்துப் பார்த்தால் ஒரு பச்சைக்கிளி. எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வாதா மரம் என்று சொல்கிற நாட்டு வாதுமை மரம் ஒன்று உண்டு. அதில் காக்கைகள் சூழ்ந்துகொண்டு இதைக் கொத்தினவாம். வலது இறக்கையில் பாதிச் சிறகைக் காணோம். ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இடது காலில் மெல்லிய வெள்ளி வளையம். யாரோ ஆசையாக வளர்த்த கிளி என்று பார்த்த உடனே தெரிந்தது.

கையில் எடுத்தேன். முதலில் என் விரலைப் பதம் பார்த்தது. பிறகு தலையைச் சாய்த்து, "சலாம்" என்றது. அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, "ஆபா! ஆபா!" என்று கூப்பிட ஆரம்பித்தது. யாரோ சாயபு வீட்டுக் கிளி என்றும், அங்கே அக்காவை ஆபா என்றுதான் கூப்பிடுவார்கள் என்றும் முனுசாமி விளக்கினான். "இது மாட்டாஸ்பத்திரி அப்பா, கிளிக்கு இங்கே வைத்தியம் இல்லை" என்றேன். அவன் தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டே சொன்னான்: "இன்னா நைனா, நாலு காலு இருந்தாத்தான் உசுரா? ரெண்டு காலு கீதே, பாதி வைத்தியமாச்சும் பண்ணேன்."

கொம்பும் குளம்பும்

எங்கள் டாக்டர் குதிரை விஷயத்தில் கெட்டிக்காரர். கிளியை மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். கையால் தொடவில்லை. நான்தான் இறக்கையில் டிங்சர் தடவினேன். கோழி கவிழ்க்கிற பஞ்சாரக் கூடை ஒன்றைக் கொண்டுவந்து, கிளியை அதனுள் விட்டுக் கவிழ்த்து, மேலே ஒரு செங்கல்லையும் வைத்தேன்.

தீனிதான் பெரும் பாடாயிற்று. ஆளுக்கு ஒரு யோசனை. பச்சை மிளகாய் என்றார்கள், ஊறவைத்த கடலை என்றார்கள், பால் சாதம் என்றார்கள். எல்லாம் வைத்தேன். கிளி எதையும் தொடவில்லை. இரண்டு சொட்டுத் தண்ணீர் குடிக்கும்; வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். எவர் உள்ளே நுழைந்தாலும் "ஆபா!" என்று எழுந்து நிற்கும். வந்தது ஆபா இல்லை என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்துவிடும். தீனியை விட்ட பிராணிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதிக நாள் தாங்காது. அதற்குள் அந்த அக்காவைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று எனக்குப் பதற்றமாகிவிட்டது. டாக்டருக்கு வேறு கவலை. "கொம்பும் இல்லை, குளம்பும் இல்லை. ஓய், செத்துப்போச்சுன்னா எந்த வியாதியிலே செத்ததுன்னு நான் என்னத்தைச் சொல்றது?"

அரைச் சேதி

தண்டோராக்காரனைக் கூப்பிட்டேன். 'ஒரு கிளி கிடைத்திருக்கிறது, உடையவர்கள் அடையாளம் சொல்லி வாங்கிப் போகலாம்' என்று மட்டும் சொல்லவேண்டும் என்று இரண்டு தடவை படித்துப் படித்துச் சொன்னேன். சாயபுமார் குடியிருக்கும் சந்துகளில் முதலில் போடச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

போனவன், கோயில் வாசலில் ஆரம்பித்து நாலு மாடவீதியும் சுற்றினான். எப்போதும் அங்கே ஆரம்பிப்பதுதான் அவன் வழக்கமாம். சந்துகளுக்கு இன்னொரு நாள் வருவானாம். அதோடு, இடது காலில் வெள்ளி வளையம், வலது இறக்கையில் காயம், வாயைத் திறந்தால் சலாம் என்று ஓர் அடையாளம் விடாமல் முழங்கிவிட்டு வந்திருக்கிறான். இனிமேல் எவன் வந்து அடையாளம் சொன்னாலும் அதை எப்படி நம்புவது? எனக்கு வந்த கோபத்தில் கஷாயக் குழாயைத் தூக்கிவிட்டேன். அவன் தப்பட்டையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்து, நிதானமாகச் சொன்னான்: "முழுசா சொல்லாங்காட்டி சனங்கோ நம்பாது சார். அரைச் சேதிக்கெல்லாம் நான் தப்பட்டை தூக்கறதில்லே."

கொக்கு

தண்டோராவுக்கு முதல் பலன் அடையாற்றங்கரையிலிருந்து வந்தது. ஒரு சலவைத் தொழிலாளி, ஈர வேட்டியில் சுற்றிய கொக்கு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார். மயிலாப்பூர் மாட்டாஸ்பத்திரியில் பறவைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று அங்கே சேதி போயிருக்கிறது. கொக்குக்கு ஓர் உடம்பும் இல்லை. அது என் மேஜைமேல் ஏறி நின்று, மருந்துப் புட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்வையிட்டது. திரும்பக் கொண்டுபோய் ஆற்றிலேயே விட்டுவிடும்படி கெஞ்சினேன். அவர் முகம் வாடிவிட்டது. வேட்டியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "பச்சையா இருந்தா ஒரு நாயம், வெள்ளையா இருந்தா ஒரு நாயமா சாமி?"

பாஷை மாறின கிளி

அடுத்து மாடவீதியிலிருந்து ஒரு மாமி வந்தாள். படியேறும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் ஏறினாள். அவள் வீட்டுக் கிளி பறந்துபோனது நிஜம். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அடையாளம் கேட்டேன். இடது காலில் வெள்ளி வளையம் என்றாள். வலது இறக்கையில் காயம் என்றாள். வீட்டை விட்டுப் போன பிறகு பட்ட காயம் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

"எங்காத்துக் கிளி விடிகாலம்பற ராமா ராமான்னு சொல்லும், கேட்டுப் பாருங்கோ" என்றாள். கூடைக்குள் இருந்து கிளி தெளிவாக, "சலாம்" என்றது. மாமி ஒரு கணம்தான் தயங்கினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. எப்படியாவது அது தன் கிளியாக இருந்துவிட வேண்டும் என்ற தவிப்பு அந்த முகத்தில் இருந்தது. "நாலு நாள் கண்ட இடத்திலே சுத்தித்தோல்லியோ, பாஷையை மாத்திண்டுடுத்து. ஆத்துக்குக் கொண்டுபோய்த் தலைக்குத் தீர்த்தம் விட்டா எல்லாம் சரியாப் போயிடும்."

கூண்டோடு வந்த வக்கீல்

மாமி படியிறங்குவதற்குள் வாசலில் ஒரு மோட்டார் வந்து நின்றது. மாம்பலத்தில் புதுசாக வீடு கட்டிக்கொண்டு போன வக்கீல் ஒருவர் கையில் கூண்டோடு இறங்கினார். கிளி தனக்குத்தான் என்பதில் அவருக்கு அவ்வளவு நிச்சயம். அழகான கூண்டு, கம்பியெல்லாம் பளபளவென்று இருந்தது. கொக்கியைத் தட்டினால் கதவு திறந்துகொள்ளும். அவரும் இடது கால், வலது இறக்கை என்று ஒப்பித்தார். மாமி விடவில்லை. அவர் சட்டம் பேசினார். இவள் சாபம் கொடுத்தாள். காயடிக்க வந்த காளை ஒன்று மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்து ஒரு தீர்ப்புச் சொன்னார். அடையாளம் இனிமேல் செல்லாது. கிளி எவர் கைக்குத் தானாகப் போகிறதோ அவருக்குத்தான் அது. மாமி கையை நீட்டினாள். கிளி முதுகைக் காட்டிக்கொண்டது. வக்கீல் நீட்டினார், கடித்துவிட்டது. அவர் விரலை உறிஞ்சிக்கொண்டே மோட்டாரில் ஏறினார். கிளி மனசு மாறினால் சொல்லி அனுப்பும்படி கூண்டை எங்களிடமே விட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்கு அழகாக இருக்கிறதென்று டாக்டர் கிளியைப் பஞ்சாரத்திலிருந்து எடுத்துக் கூண்டில் விடச்சொல்லி, தாழ்வாரத்தில் மாட்டச் சொன்னார். வக்கீல் கிளம்பும்போது மட்டும் கொஞ்சம் குரல் இறங்கிச் சொன்னார்: "எங்க கிளி இல்லைதான் ஓய், ஒத்துக்கறேன். ஆனா ஆத்திலே குழந்தை அழறதே, அதுக்கு நீர் என்ன பதில் சொல்றீர்?"

ஆபாவின் தம்பி

கடைசியில் தண்டோராவும் நானும் செய்யாததை முனுசாமியின் குதிரைச் சேணம் செய்தது. அது கிழிந்துபோய், தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் அவன் கிளியைப் பற்றிப் பேசியிருக்கிறான். சேணம் தைக்கும் மஸ்தான் சாயபு கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். சட்டையில் குத்தியிருந்த ஊசியில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் ஒருவரும் அவர் வீட்டுக் கிளியைப் பார்த்ததில்லை. அது அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் கோஷாவில் இருக்கும் அவர் அக்காவின் அறையை விட்டு வெளியே வந்ததே இல்லை. அந்த அம்மாளுக்குக் காய்ச்சலில் இரண்டு காலும் விழுந்துவிட்டன. ஓர் அறை, ஒரு ஜன்னல், கண் திறக்காத குஞ்சிலிருந்து வாயில் ஊட்டி வளர்த்த இந்தக் கிளி, இவ்வளவுதான் அவள் உலகம். மழை வந்ததென்று, திறந்திருந்த ஜன்னலைச் சாத்துவதற்குள் அது போய்விட்டதாம். அன்று முதல் அவளும் சாப்பிடவில்லை. தட்டு வைத்தது வைத்தபடி திரும்பி வருகிறது என்றார்.

கூண்டுக்குள் கையை விட்டார். கிளி அவரை நன்றாக அடையாளம் கண்டுகொண்டு, நன்றாகக் கடித்தது. "அதுக்கு என்னைக் கண்டா ஆவாது சார். நான் வூட்டுக்கு வந்துட்டா ஆபா அதை வுட்டுட்டு என்னாண்ட பேசுவாங்க, அந்தக் கோவம்" என்றார். இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? நான் டாக்டரிடம் மன்றாடினேன். அவர் தன் தீர்ப்பைத் தானே மாற்ற மாட்டேன் என்றார். நாளைக்கு வக்கீல் வந்து கேட்டால் என்ன சொல்வது? கிளி அவரையும் கடித்தது, இவரையும் கடித்தது. இரண்டு கடிக்கும் என்ன வித்தியாசம்? வளர்த்தவளே வரட்டும் என்றுவிட்டார். திரை போட்டு வண்டி கொண்டுவருகிறேன் என்று முனுசாமி முன்வந்தான். மறுநாள் காலை என்று முடிவாயிற்று. அக்காவிடமிருந்து சேதி வந்துவிட்டது என்று கிளிக்கு எப்படித்தான் தெரிந்ததோ, அன்று சாயங்காலம் முதல் தடவையாக ஒரு கொய்யாத் துண்டைக் கொத்தித் தின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மஸ்தான் சாயபு போகும்போது சொன்னதை நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்: "ஆபா வாசப்படி தாண்டி எத்தினியோ வருசமாச்சு சார். என் கல்யாணத்துக்குக்கூட வரமாட்டேன்னுட்டாங்க. கிளிக்காக வருவாங்க."

கம்பிக்குப் பின்னால்

மறுநாள் காலையில் முதல் கேஸ் சீனிவாசனுடைய பசு. சீனிவாசன் எங்கள் தெருக்காரர். கதர் கட்டுகிறவர். அந்நியத் துணிக்கடை மறியலில் பிடிபட்டு, அப்போதுதான் ஜெயிலிலிருந்து வந்திருந்தார். பாதி உடம்புதான் திரும்பி வந்திருந்தது. எறும்புக்குக்கூட ஒதுங்கி வழிவிட்டுப் போகிற மனிதர். பசுவின் குளம்பில் ஆணி ஏறியிருந்தது. அவர் கூண்டுக்கு எதிரில் போய் நின்றுகொண்டார். "அதன் வீட்டுக்காரர்கள் இதோ வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் நான் பசுவின் காலைப் பிடித்தேன். "வீட்டுக்காரா இல்லே ஓய், எஜமானர்கள்னு சொல்லும்" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொக்கி தட்டும் சத்தம் கேட்டது. பசுவின் கால் என் மடியில். டாக்டர் ஆணியைப் பாதி இழுத்திருக்கிறார். விட்டுவிட்டு எழுந்திருக்க வழியில்லை. கழுத்தை வளைத்துப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. கிளி வெளியே வரவில்லை. அது பின்னாலே பின்னாலே நகர்ந்து மூலையில் ஒட்டிக்கொண்டது. சீனிவாசன் கூண்டைக் கழற்றி, வாசலில் கொண்டுபோய், சாய்த்துப் பிடித்து, பின்பக்கம் தட்டினார். அப்போதும் அது கதவின் கம்பியைக் கவ்விக்கொண்டு தொங்கியது. அவர் மிகுந்த அன்போடு அதன் நகங்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். கிளி தட்டுத்தடுமாறி வாதா மரத்தில் போய் உட்கார்ந்தது. நான் "ஐயோ!" என்று கத்திக்கொண்டு ஓடியபோது, அவர் கண்ணில் நீர் வழிய நின்றுகொண்டிருந்தார். சந்தோஷத்தில் வந்த நீர். "நான் உள்ளே இருந்துட்டு வந்தவன் ஓய். கம்பியைப் பார்த்தா என் கை சும்மா இருக்காது."

திரை போட்ட ஜட்கா

காக்கைகளுக்கு அந்த மரம் பழக்கப்பட்ட இடம். ஒன்று கரைந்தது, அப்புறம் எண்ண முடியவில்லை. நான் கல் எறிந்தேன். டாக்டர் ஆணி பிடுங்கும் குறடோடு ஓடிவந்து, அதையே வீசினார். சீனிவாசன் செருப்பை வீசினார், குடையை வீசினார், மரத்தில் ஏறப் பார்த்துச் சறுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். மேலே இலைகளுக்குள்ளிருந்து "ஆபா! ஆபா!" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை. வெள்ளி வளையம் போட்ட கால் மேலாகக் கிளி சாக்கடை ஓரத்தில் வந்து விழுந்தது. அந்த நேரத்தில் முனுசாமியின் வண்டி தெருமுனை திரும்பியது. சுற்றிலும் பழைய போர்வையால் திரை கட்டியிருந்தான். மஸ்தான் சாயபு குதிரையோடு நடந்து வந்தார்.

முனுசாமி பார்த்துவிட்டான். இறங்கி, தலைப்பாகையை அவிழ்த்து, அன்று போலவே அதில் கிளியை எடுத்துக்கொண்டான். திரைக்குள்ளே ஒன்றும் தெரியாது. "மிட்டு! மிட்டூ!" என்று ஒரு பெண் குரல் ஆசையாகக் கூப்பிட்டது. பதில் இல்லாததால் இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு அவமானமாக நான் எந்த இடத்திலும் நின்றதில்லை. மஸ்தான் சாயபு மூட்டையை வாங்கித் திரைக்குள் நீட்டினார். மெலிந்த கை ஒன்று வந்து வாங்கிக்கொண்டது. கூண்டு திறந்துவிட்டது என்று மட்டும் நான் சொன்னேன். பிறகு, கூண்டைத் திறந்தது யார் என்று உள்ளிருந்து கேட்டாள். சீனிவாசன் ஒளிந்துகொள்ளவில்லை. திரைக்கு எதிரே வந்து கைகூப்பிக்கொண்டு நின்றார். "நான்தாம்மா. அடைஞ்சு கிடக்கறதைப் பார்க்கச் சகிக்கலை. நானும் ஜெயில்லே இருந்து வந்தவன்" என்றார். அவள் கத்தவில்லை, சபிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்: "ஜெயில்லேருந்து உங்களை வுட்டாங்களே, நீங்க எங்கே போனீங்க அய்யா? வூட்டுக்குத்தானே போனீங்க? அதுவும் இன்னிக்கு வூட்டுக்குத்தான் வர்றதா இருந்துச்சு."

ஒரு கிளிக்கு நல்லது செய்ய மயிலாப்பூரில் இத்தனை பேர் கூடிவிட்டால், காக்கைகளுக்கு அதிக வேலை இராது.